மாணவர் ஆசிரியராகும் இதழ்: 'பிறெஸ் காங்' நாடகமும் கையெழுத்துப் பத்திரிகையும்

தமிழில் 'ஆசிரியர்' என்னுஞ் சொல் மூவரைக் குறிக்கும். வகுப்பிற் கற்பிப்பவர் ஆசிரியர். நூலை இயற்றியவர் ஆசிரியர். பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியரே. ஆங்கிலர் இம்மூவருக்கும் மூன்று பெயர் வைத்திருக்கத் தமிழர் ஒரே பெயரால் அழைத்துவருவது சொற்பஞ்சத்தால் நேர்ந்ததெனக் கொள்ளவேண்டியதில்லை. நன்னூற் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்குகின்றது. இந்நான்கனுள் நிறைகோல் பத்திரிகாசிரியருக்கே பெரிதும் பொருந்துவது. வந்த செய்தி மெய்யா பொய்யா, மெய்யேயாயினும் அதனை வெளியிடுதல் தகுமா, தகுமாயின் எந்த அளவிற்கு என்று நிறுத்துப் பார்ப்பதே அவர் தொழிலின் பெரும்பகுதி. எழுதுதல் அதற்குப் பின்னரே வருகின்றது.

இருவகை ஆசிரியத்தொழிலும் ஒருவரிடத்தே அமைந்தமைக்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டா. கல்முனைக்குத் தெற்கே சில மைல் தூரத்திலுள்ள காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளார் பாடசாலைகளிற் கற்பித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். இராமகிருஷ்ண மடத்தின் 'இராமகிருஷ்ண விஜயம்' என்னும் தமிழ் இதழுக்கும் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராகவும் விளங்கினார். ஆயினும், அவர் இதழாசிரியரானது கற்றுத் துறைபோய பின்னராகும். இன்னும் வகுப்பில் மாணவியாக அமர்ந்திருக்கும் பெண்ணொருத்தியின் கையில் அந்நிறைகோலைக் கொடுக்கலாமா? கொடுத்தால் நிகழ்வது யாது?

இவ்வினாவையே கதைப்பொருளாகக் கொண்ட நாடகமொன்று பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியில், சிறுவர்க்குரிய மாலை நேரத்தில், 1989 ஜனவரி 16 முதல் 1993 மே 21 வரை ஒளிபரப்பாயிற்று. அதன் பெயர் 'பிறெஸ் காங்'. ஐந்து தொடர்களாக அமைந்த அதன் 43 பகுதிகளையும் எழுதியவர் ஒருவரே. அவர் ஸ்டீவன் மொஃபற். பிற்காலத்தில் 'டொக்டர் ஹூ', 'ஷெர்லொக்' முதலிய தொடர்களால் உலகறிந்த அவ்வெழுத்தாளர் அந்நாளில் ஸ்கொத்லாந்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஓர் இளம் பாடசாலை ஆசிரியர். கதையின் கரு அவருடையதுமன்று. அவருடைய தந்தையார் பில் மொஃபற்றுடையது. தந்தையார் ஓர் அதிபர். அவருடைய பாடசாலைக்கு வேறொரு நிகழ்ச்சியின் படப்பிடிப்பிற்காகத் தொலைக்காட்சியினர் வந்தபோது, மாணவர் பத்திரிகை நடத்துவதாக ஒரு நாடகம் அமைக்கலாம் என்று அவர் கூறினார். மாதிரிக்கு ஒரு பகுதியை எழுதித் தருமாறு அவர்கள் வேண்ட, அதனைத் தம் மகனே எழுதவேண்டும் என்றார். ஆசிரியத்தொழிலிற் பழுத்தவர் ஒருவரும் அத்தொழிலிற் புதியவர் ஒருவரும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்நாடகம் என்பதை மறவாதிருத்தல் நன்று. பாடசாலையை வெளியிலிருந்து பார்த்தவர் எழுதியிருப்பின் மாணவரெல்லாம் குறும்பராகவோ உத்தமராகவோ அமைந்திருப்பர்.

பெயரிலேயே ஒரு சிலேடை உண்டு. முற்காலத்தில் ஆங்கிலக் கடற்படைக்கு ஆட்கள் போதாதபோது, துறைமுகத் தெருக்களில் அகப்பட்டவரை வலிந்து பிடித்துக் கப்பலேற்றும் கூட்டத்தாருக்கு அப்பெயர் வழங்கிற்று. அச்சகத்தைக் குறிக்கும் சொல்லும் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லும் அதில் இயல்பாகவே இணைந்திருத்தலால், வலிந்து பிடிக்கப்பட்டோர் நடத்தும் பத்திரிகை என்னும் குறிப்பும் தோன்றுகின்றது. கதையும் அவ்வாறே தொடங்குகின்றது. நோர்பிறிட்ஜ் என்னும் கற்பனை நகரத்தில் 'நோர்பிறிட்ஜ் கசெற்' என்னும் பெரியோர் பத்திரிகை ஒன்று உண்டு. அதன் சார்பில், பாடசாலை மாணவரே நடத்தும் 'ஜூனியர் கசெற்' தொடங்கப்படுகின்றது. நன்கு கற்கும் மாணவர் சிலர் அதற்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களோடு, பாடசாலையின் பொறுமையைச் சோதித்த சிலரும் சேர்க்கப்படுகின்றனர். ஸ்பைக் தொம்சன் என்னும் அமெரிக்க இளைஞனுக்கு, பத்திரிகையிற் சேர்வது அல்லது பாடசாலையினின்று நீங்குவது என்னும் இரண்டே வழிகள் காட்டப்படுகின்றன.

ஆசிரியையாக அமர்பவள் லிண்டா டே. ஜூலியா சவாலா என்னும் நடிகை ஏற்ற அப்பாத்திரம், சிறுவர் நாடகங்களில் வழக்கமாகக் காணப்படும் இனிய பெண்ணன்று. அதிகாரம் விரும்புபவள், நாவிற் கூர்மையுடையவள், பாராட்டத் தெரியாதவள். ஒரு கட்டுரை சரியில்லையெனின் அதனை எழுதியவர் முகம் வாடுமே என்று அவள் தயங்குவதில்லை. அவளுக்கும் ஸ்பைக்குக்கும் (டெக்ஸ்ரர் பிளெச்சர் நடித்தது) இடையே ஓயாது நிகழும் ஊடலும் சொற்போருமே பார்த்தவர் பலருடைய நினைவில் நிலைத்துள்ளன. அது நாடகத்தின் இனிப்பு. அதனை இங்கு விரித்தல் வேண்டா. கருதத்தக்கது வேறொன்று. அப்பத்திரிகைக்கு இடம் தந்தோர் பெரியோர், பொறுப்பை ஒப்படைத்தோரும் பெரியோர். எனினும் ஒவ்வொரு இதழிலும் எது வெளிவரும், எது வாராது என்று முடிவு செய்பவள் லிண்டாவே. அம்முடிவு தவறும்போது அதன் விளைவையும் அவளே சுமக்கிறாள். சுமையைப் பெரியவர் ஒருவர் வந்து இறக்கி வைப்பதாகக் கதை அமையவில்லை.

முதலிரு தொடர்களிலே, அந்நாளிற் சிறுவர்க்குரியனவல்ல என்று ஒதுக்கப்பட்டிருந்த பொருள்கள் துணிந்து கையாளப்பட்டன. ஓர் இருபாகக் கதை, பசையை முகர்ந்து மயங்கும் பழக்கத்தைப் பற்றியது. மற்றோர் இருபாகக் கதையிற் கொலின் என்னும் மாணவன், தன்னோடு பழகும் சிறுமி வீட்டிலே கொடுமைக்குள்ளாகிறாள் என்பதை அறிகின்றான். இந்தக் கொலின் யாரெனில் பத்திரிகையின் வரவுசெலவையும் விளம்பரத்தையும் கவனிப்பவன். எதனையும் காசாக்க முனையும் நகைச்சுவைப் பாத்திரம். அத்தகைய ஒருவனிடம் அச்செய்தி வந்து சேர்வதே கதையின் நயம். செய்தியாளனாகப் பயின்றவனுக்கு அதை எழுதலாமா என்னும் எண்ணம் எழும். விளையாட்டுப் பிள்ளையான அவனுக்கோ அதனை யாரிடம் சொல்வது என்பதே தெரியவில்லை. கேட்டது செய்தியன்று, ஓர் உயிரின் முறையீடு என்று அவன் உணரும் வரை ஆசிரியர் அவனை அவசரப்படுத்தவில்லை.

இன்னொரு கதை இதனினும் கடுமையானது. லிண்டாவால் ஒதுக்கப்பட்ட மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். நாளும் பிறர் குற்றங்களைத் தேடி எழுதிய பத்திரிகையின் ஆசிரியைக்கு, தன் சொல்லே குற்றமாக வந்து நிற்கின்றது. அதனை அவள் அழித்தெழுத முடியாது. கட்டுரையிற் பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். இதற்குத் திருத்தம் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதினர் பார்க்கும் நாடகத்தில் இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்று ஐயுறுவார் உளர். ஆயினும் அந்நாடகத்தை அவ்வயதினர் கைவிடவில்லை என்பதும், சிறுவர் நிகழ்ச்சிக்கான பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் 'பவ்ரா' விருது 1991 இல் அதற்குக் கிடைத்தது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கன. தம்மைச் சிறுவராக நடத்தாத நாடகத்தைச் சிறுவர் விரும்பினர் என்பதே காரணமாதல் வேண்டும்.

நாடகம் கற்பனையே என்று கூறி ஒதுக்கிவிட முடியாதபடி, அது தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டின் முன், 1988 ஜனவரி 13 இல், அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர் நீதிமன்றம் இதே வினாவிற்கு ஒரு விடை கூறியிருந்தது. மிசூரி மாநிலத்து ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பாடசாலையில் 'ஸ்பெக்ற்றம்' என்னும் மாணவர் பத்திரிகை, இதழியல் வகுப்பின் பயிற்சியாக வெளிவந்துகொண்டிருந்தது. 1983 மே மாதத்து இதழ் அச்சுக்குச் செல்லும் தறுவாயில், அதன் இரு பக்கங்களை அதிபர் நீக்கினார். அவற்றில் ஒரு கட்டுரை, அப்பாடசாலையிற் கருவுற்ற மாணவியர் மூவரின் அநுபவங்களைக் கூறுவது. மற்றொன்று, பெற்றோரின் மணவிலக்கு பிள்ளைகளைத் தாக்கும் வகையைக் கூறுவது. இதழ் கைக்கு வந்த பின்னரே மாணவர் அதனை அறிந்தனர், நீதிமன்றம் சென்றனர். ஐவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நீதியரசர் பிரிந்து, கல்வி நோக்கத்தோடு பொருந்திய காரணம் இருப்பின் பாடசாலை வெளியிடும் பத்திரிகையை நெறிப்படுத்த நிர்வாகத்திற்கு உரிமையுண்டு என்று தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கைப் பேசுவோர் அதிபரைக் கொடியவராகவோ மாணவரை அடங்காதவராகவோ காட்டுவது வழக்கம். அதிபர் கூறிய காரணங்களைப் பொறுமையோடு நோக்குவோர் வேறொன்றைக் காண்பர். பெயர்களை மாற்றியிருந்தபோதிலும் அம்மாணவியர் இன்னாரென்று பிறர் அறிந்துகொள்ளக் கூடும் என்றார். மணவிலக்குக் கட்டுரையிற் குறைகூறப்பட்ட பெற்றோருக்கு மறுமொழி கூற வாய்ப்பளிக்கப்படவில்லை என்றார். இவையிரண்டும் நல்ல பத்திரிகாசிரியர் எவரும் எழுப்பவேண்டிய வினாக்கள் அல்லவா? பிழை வினாக்களில் இல்லை. அவ்வினாக்களை மாணவ ஆசிரியரிடம் கேட்டு, விடை தேடச் செய்து, கட்டுரையைத் திருத்துவித்திருப்பின் அது அவ்வாண்டின் மிகச் சிறந்த பாடமாக இருந்திருக்கும். அவரோ கேளாமலே இரு பக்கங்களை எடுத்துவிட்டார். அப்பக்கங்களில் இருந்த குற்றமற்ற பிற கட்டுரைகளும் உடன் போயின. நிறைகோலை மாணவர் கையிற் கொடுத்துவிட்டு, நிறுக்கும் நேரத்தில் அதனைப் பிடுங்கிக்கொண்ட செயல் அது.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இவ்வினா நீதிமன்றம் வரை செல்லவில்லை. அதற்குக் காரணம் இங்குள்ள அதிபர்களின் தாராள மனமன்று. கையெழுத்துப் பத்திரிகை என்னும் எளிய உபாயமே. அச்சுக்கூடத்திற்குப் பணம் வேண்டும். பணத்திற்குப் பெரியோர் வேண்டும். பெரியோர் வந்தால் அவர் விருப்பமும் உடன்வரும். தாளும் மையும் நல்ல கையெழுத்துடைய தோழன் ஒருவனும் போதுமெனின் யாரையும் கேட்கவேண்டியதில்லை. கட்டுரைகளைச் சேர்ப்பவன் ஒருவன், அழகாகப் பிரதி செய்பவன் ஒருவன், ஓரங்களில் வண்ணப் பூவேலை செய்து தலைப்புகளைத் தீட்டுபவன் ஒருவன், தாள்களை நூலாற் கோத்து அட்டை போடுபவன் ஒருவன் என்று நால்வர் கூடினால் இதழ் ஆயிற்று. பெரும்பாலும் ஒரே பிரதி. அது கைக்குக் கை மாறி வீடு வீடாகச் செல்லும். இறுதியிற் சில பக்கங்கள் வெறுமையாக விடப்படும். வாசித்தவர் தம் கருத்தை அங்கே எழுதிக் கையொப்பமிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பர். அச்சிட்ட பத்திரிகைக்கு வரும் கடிதத்தை ஆசிரியர் கிழித்தெறியலாம். கையெழுத்துப் பத்திரிகையின் வசைமொழியோ இதழோடு இதழாக அடுத்த வீட்டுக்கும் போய்விடும். இத்தகைய கடுந்தண்டனை எந்த அச்சுப் பத்திரிகாசிரியருக்கும் இல்லை.

இவ்வழியில் வந்தோர் பலர். திருவாரூரிற் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். பின்னர், 1942 ஆகஸ்ட் 10 இல், பதினெட்டு வயதில், 'சேரன்' என்னும் புனைபெயரில் 'முரசொலி'யைத் துண்டறிக்கை வடிவில் அச்சிட்டு வெளியிட்டார். அது 1948 இல் வார இதழாகி, 1960 இல் நாளிதழாயிற்று. அவருடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் உளர். ஆயினும், ஐந்து முறை முதலமைச்சராயிருந்த ஒருவர் தமக்கு முதற்பிள்ளை என்று இறுதிவரை அழைத்தது தம் பதின்பருவத்துப் பத்திரிகையையே என்பது, அப்பருவத்தில் ஏற்ற பொறுப்பு எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதைக் காட்டும். 'நேசன்' என்று இதழுக்குப் பெயரிடும் வழக்கமோ நெடுங்காலத்தது. கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை மரைக்கார் 1882 இலேயே 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, இலங்கை முஸ்லிம்களின் கல்விக்குத் தமிழிற் குரல் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில், 1943 இல் இளம் எழுத்தாளர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கம் கண்டனர். அவர்களுடைய 'மறுமலர்ச்சி'யும் முதலிற் கையெழுத்தில் உலாவி, 1946 இல் அச்சேறி, 1948 வரை வெளிவந்தது. வரதர் என அறியப்பட்ட தி. ச. வரதராசனுக்கு அது அச்சேறிய வேளையில் வயது இருபத்திரண்டும் நிரம்பவில்லை. ஈழத்துச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவ்விதழைத் தாண்டிச் செல்வதில்லை. கல்முனைப் பகுதியிலும், சற்று மூத்த இளைஞரால் இம்மரபு தொடர்ந்தது. பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் 1967 இற் 'பாடும் மீன்' வெளியிட்டார். கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் தம் இருபத்தைந்தாம் வயதளவில், 1969, 1970 ஆம் ஆண்டுகளில், 'கவிஞன்' என்னும் காலாண்டிதழை நடத்தினார். இதழ்கள் சிலவே, கவிதை பற்றிய பேச்சு அவற்றோடு நிற்கவில்லை.

கையெழுத்துப் பத்திரிகையின் வலிமைக்கு எல்லையான சான்று தமிழுலகிற்கு வெளியே உள்ளது. திருவாரூரில் 'முரசொலி' தோன்றிய அதே 1942 ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானிய நாசிகள் யூதரை அடைத்து வைத்திருந்த தெரெசின் என்னும் செக் நாட்டு நகரத்தில், சிறுவர் விடுதியொன்றில் 'வேதெம்' என்னும் வார இதழ் தொடங்கிற்று. அதன் ஆசிரியன் பெற்றர் கின்ஸ், வயது பதினான்கு. ஒரேயொரு பிரதி, வெள்ளிக்கிழமை மாலைகளில் விடுதியில் உரக்க வாசிக்கப்படும். கவிதையும் கட்டுரையும் மாத்திரமன்றி, அச்சிறைநகரின் வெதுப்பகம் முதலிய இடங்களை நேரிற் பார்த்து எழுதிய விவரணங்களும் அதில் உண்டு. வால்ற்றர் ஐசிங்கர் என்னும் ஆசிரியர் அச்சிறுவரைப் பேணி ஊக்கினார்; இதழின் ஆசிரியர் பதவியை மாணவனிடமே விட்டுவைத்தார். 1944 இற் பெற்றர் அவுஷ்விற்ஸ் முகாமிற்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய தோழருட் பெரும்பாலோரும், ஐசிங்கரும் மீளவில்லை. எஞ்சிய மாணவன் ஒருவன் மறைத்து வைத்துக் காத்தமையால் ஏறத்தாழ 800 பக்கங்கள் இன்றும் உள்ளன. நாளை உண்டோ என்று அறியாத சிறுவர், வாரந்தவறாமல் இதழ் வெளிவரவேண்டும் என்பதில் உறுதியாயிருந்தனர். அவ்வொழுங்கைப் பெரியவர் எவரும் பிரம்பெடுத்துப் பெற்றிருக்க முடியாது.

ஒற்றைப் பிரதி அவ்வாறு பிழைப்பது அருமை. கறையானும் மழையும் கொண்டவை போக, 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மருதமுனை முதல் சாய்ந்தமருது, காரைதீவு வரை கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனபோது, அவ்வீடுகளின் பெட்டகங்களில் இருந்த கொப்பிகளும் தாள்களும் உடன் போயின. அச்சுப் பிரதிக்கு வேறோர் ஊரில் உடன்பிறப்பு இருக்கும். கையெழுத்துப் பிரதிக்கு அஃது இல்லை.

பாடசாலைகளில் மாணவர் மன்றங்கள் இன்றும் கூடுகின்றன. தமிழ்மொழித் தினத்தையொட்டிக் கையெழுத்துச் சஞ்சிகைகளும் தயாராகின்றன. ஆனால் அவற்றுட் பல, நடுவருக்குக் காட்டிப் புள்ளி பெறுவதற்காக ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுபவை. ஆண்டு மலர்களோ பெரும்பாலும் வாழ்த்துச் செய்திகளாலும் ஒளிப்படங்களாலும் நிரம்பியவை. இவற்றால் தீங்கில்லை. றோணியோவில் நூறு பிரதி எடுத்தற்கே நிதி திரட்டிய நாளினின்றும் பார்த்தால், இன்று அச்சு எவ்வளவோ எளிதாகிவிட்டது. எளிதானபோது மாணவர் கையிலிருந்து இதழ் நழுவிற்று என்பதுதான் விந்தை.

அதைவிடப் பெரிய மாற்றம் கைப்பேசியால் வந்தது. முன்னர் ஒரு மாணவன் எழுதியதைப் பிறர் பார்க்கும் முன், பிரதி செய்யும் தோழனாவது பார்ப்பான், "இது மெய்தானா? யார் சொன்னது?" என்று கேட்பான். இன்று எழுதுபவனுக்கும் வாசிப்பவனுக்கும் நடுவே எவரும் இல்லை. உலகெங்கும் ஒரு கணத்திற் பரப்பும் வல்லமை உண்டு; 'ஜூனியர் கசெற்' அலுவலகத்தில் லிண்டா அமர்ந்திருந்த நாற்காலி மாத்திரம் காலியாக உள்ளது.

அந்நாற்காலி காலியாயிருப்பதன் விலையை அம்பாறை மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவினுட் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வாடிக்கையாளர் சிலர் குற்றஞ்சாட்டினர். அங்கே எடுக்கப்பட்ட காணொளி முகநூலிற் பரவிற்று. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆய்வில், அது மாத்திரையன்று, மாவுக்கட்டியே என்று பின்னர் தெளிவாயிற்று. அதற்குள் மார்ச் மாதம் பிறந்து, வேறொரு நிகழ்ச்சியை அடுத்துக் கண்டி மாவட்டத்துத் திகனப் பகுதியில் கலவரம் மூண்டு, உயிர்களும் உடைமைகளும் அழிந்து, அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்க நேர்ந்தது. அக்காணொளியைப் பரப்பியோர் எல்லோரும் தீயோர் என்று கூறமுடியாது. அவர்களுட் பலர் மாணவ வயதினராயும் இருந்திருக்கக் கூடும். உணவக உரிமையாளருக்குத் தாம் பேசும் மொழி விளங்கியதா, அவர் தலையசைத்தது ஒப்புதலா அச்சமா, மாத்திரை என்று கூறப்பட்டதை யாரேனும் சோதித்தனரா என்னும் மூன்று வினாக்களைக் கேட்க அவர்களுக்கு எவரும் பயிற்சி அளித்திருக்கவில்லை. ஹேசல்வுட் அதிபர் தாமே வைத்துக்கொண்டுவிட்ட வினாக்களும் இவ்வினத்தனவே.

கல்முனைக் கரையோரத்தின் அமைப்பு இதனை இன்னும் கூர்மையாக்குகின்றது. பெரியநீலாவணையை அடுத்து மருதமுனை, அதனையடுத்துப் பாண்டிருப்பு, பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த இருநிற மணிபோல ஒரே தெருவின் ஓரமாக மாறி மாறி அமைந்துள்ளன. பேசும் மொழி ஒன்று, பாடநூல் ஒன்று, ஓர் ஊரிற் பிறக்கும் சொல் அடுத்த ஊரை அடைய மொழிபெயர்ப்பு வேண்டாம். நற்செய்திக்கும் வதந்திக்கும் இவ்வழி ஒருசேரத் திறந்திருக்கின்றது. இங்குள்ள கல்லூரிகளின் மாணவர் இரு சமூகத்தினரும் கூடி ஓர் இதழ் நடத்துவாராயின், 'அவர்கள் ஊரில் இப்படி நடந்ததாம்' என்று ஒருவன் கொண்டுவரும் செய்தியை, அவ்வூரிலிருந்தே வரும் தோழன் அதே மேசையில் அமர்ந்து நிறுத்துப் பார்ப்பான். நாடகத்தில் லிண்டாவுக்குக் கிடையாத வாய்ப்பு இது.

எழுதவே தெரியாதவரும் இத்தொழிலைக் கற்கலாம் என்பதற்கு டில்லி நகரத்திற் சான்றுண்டு. தெருவோரச் சிறுவரும் உழைக்கும் சிறுவரும் 2003 இல் 'பாலக்நாமா' என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். எழுத்தறியாத சிறுவர் தாம் கண்டதை வாயாற் சொல்வர். எழுத்தறிந்தவர் கேட்டு எழுதுவர். எழுதுமுன் அவர் குறுக்குக் கேள்வி கேட்டாக வேண்டும்; ஏனெனிற் பிழை நேரின் பெயர் கெடுவது இருவருக்குமாகும். குப்பை பொறுக்கும் பிள்ளைகள் கடைப்பிடிக்கும் இவ்விதியைக் கல்லூரி மாணவர் கடைப்பிடித்தல் அரிதன்று.

இத்தகைய இதழுக்கு வேண்டும் முதலும் பெரிதன்று. அப்பியாசக் கொப்பி ஒன்று. நீலமும் சிவப்புமாக இரு பேனை. மாதத்தில் ஒரு நாள், அந்நாள் தவறாமை. கற்பிக்கும் ஆசிரியர் அதனை அச்சுக்குப் போகுமுன் வாசிக்கலாம். ஐயங்களைச் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதலாம். வெட்டும் பேனையை மாத்திரம் மாணவ ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டும். ஒருவர் பெயர் கெடும் என்றோ, ஒரு பிள்ளைக்கு ஊறு நேரும் என்றோ அஞ்சும் இடத்தில், அச்சத்தின் காரணத்தைக் கூறி, அவர் தாமே வெட்டும் வரை காத்திருத்தல் கற்பிப்பவருக்குக் கடினமான பயிற்சிதான். பின்னர், பழைய முறைப்படியே இறுதியில் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு இதழை அனுப்பலாம். வகுப்புகள் தோறும் சுற்றி, அடுத்த ஊருக்கும் போய், தாளின் மூலைகள் மடங்கி அது திரும்பி வரும்போது, அப்பக்கங்களில் எழுதப்பட்டிருப்பதை முதலில் வாசிக்கவேண்டியவர் அதன் ஆசிரியராகிய மாணவரே.